ஒரு காதில் கணினி, மறு காதில் கோர்ட்

ஜூன் 12

இது தட்டச்சுப் பயிற்சி. வேறு எதுவும் இல்லை.

ஜூன் 13

நேற்று அடித்ததை இயந்திரம் வாசித்துக் காட்டியது. ஜலதோஷம் பிடித்த ஒருவன் சவரக்கத்தி பட்டுவிடாமல் பேசுவதுபோல் இருந்தது. இந்தக் குரலோடுதான் மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டுமாம்.

ஜூன் 15

தினமும் ஒரு பக்கமாவது அடிக்க வேண்டும் என்பது பயிற்சியாளன் இசக்கிமுத்துவின் கட்டளை. எதை அடிப்பது என்று கேட்டேன்.

"டைரி அடிங்க சார். இல்லன்னா யாரையாவது திட்டி அடிங்க. உங்களுக்கு ரெண்டாவதுதான் வேகமா வரும்" என்றான்.

இசக்கிமுத்து பிறவியிலேயே பார்வையில்லாதவன். ஏதோ வங்கியில் அதிகாரி. சனி, ஞாயிறுகளில் பாளையங்கோட்டையில் ஓர் அறையை எடுத்து, என்னைப்போல் இடையில் கண்ணை இழந்தவர்களுக்குக் கணினி கற்றுத் தருகிறான். வயது முப்பத்தைந்து இருக்கலாம். அவன் வருவதற்கு முன்பே அவன் பூசிய சென்ட் வந்துவிடும். இவ்வளவு கர்வத்தை நான் உயர் நீதிமன்றத்தில்கூடக் கண்டதில்லை. எங்களை அவன் 'புதுசு' என்கிறான், ஏதோ அவன் பரம்பரைச் சொத்தில் நாங்கள் குடிவந்துவிட்ட மாதிரி.

வகுப்பில் இன்னும் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எந்த விசையைத் தொட்டாலும் "வெடிச்சிராதுல்லா?" என்று கேட்கிறார். மற்ற இரண்டு பேரைப் பற்றி எழுதும் அளவுக்கு அவர்கள் எதுவும் பேசவில்லை.

நான் வேதமாணிக்கம். பாளையங்கோட்டையில் கிரிமினல் வக்கீல். இருபத்தெட்டு வருடத் தொழில். கண்ணுக்குள் நீரழுத்தம் என்றார்கள். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, போன வருடம் நடுவையும் தின்றுவிட்டது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 17

ஃபோல்டர் என்றால் என்ன என்று இன்று பாடம்.

"நீங்க வக்கீலு. உங்களுக்குச் சுளுவா சொல்லுதேன். ஃபோல்டர்ங்கது கேஸ் கட்டு. கட்டுக்குள்ள கட்டு இருக்கும். அம்புக்குறி விசைய மேலயும் கீழயும் தட்டுனா ஒவ்வொரு கட்டா பேரு சொல்லும். என்டர் தட்டுனா கட்டு பிரியும். ஆல்ட்டைப் புடிச்சிக்கிட்டு மேல் அம்பு தட்டுனா வெளிய வந்துரலாம். மவுசுன்னு ஒண்ணு இருக்கு. அது கண்ணு தெரிஞ்ச பாவப்பட்டவங்களுக்கு. அதை மறந்துருங்க."

பாவப்பட்டவர்களாம்.

அலுவலகக் கணினியைத் திறந்து கீழ் அம்பைத் தட்டினேன். "நியூ ஃபோல்டர்." தட்டினேன். "நியூ ஃபோல்டர் டூ." தட்டினேன். "நியூ ஃபோல்டர் த்ரீ." பிறகு "ஆஆஆ". பிறகு "ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்", "சார் கேட்டது".

கண் உள்ள ஜூனியர்கள் இத்தனை வருடமாக என் கணினியில் வைத்திருந்த ஒழுங்கு இதுதான். பார்க்கிற காலத்தில் நான் இந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் அப்போதே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்போது மிச்சமிருக்கும் ஒரே ஜூனியர் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மற்றவர்கள் என் கண்ணோடு சேர்ந்து போய்விட்டார்கள்.

ஜூன் 20

காலையில் என் மனைவி ரோசலின் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் பேப்பர் வாசித்தாள். கணக்கு டீச்சர் செய்தி வாசித்தால் எப்படியிருக்கும்? நிறுத்தற்குறிகளை மதிப்பதில்லை. மழைச் செய்தியையும் மரணச் செய்தியையும் ஒரே மூச்சில் படிக்கிறாள். திருத்தினால், "நான் என்ன ரேடியோவா?" என்கிறாள்.

மத்தியானம் வக்கீல் சங்கத்தில் மூத்த நண்பர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இனிமே ஆலோசகரா இருங்க வேதம். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்" என்றார். அவருடைய ஆலோசனையால் ஜெயிலுக்குப் போனவர்களை வைத்து ஒரு கபடி அணி அமைக்கலாம். முழங்கையை விடுவித்துக்கொண்டேன்.

ஜூன் 26

மாரிக்கனி வந்தாள். போனாள்.

ஜூன் 27

நேற்று எழுத மனமில்லை. கை வலி.

மாரிக்கனி, சுடலைமணியின் மனைவி. சுடலைமணி ஜே.சி.பி. ஓட்டுகிறவன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளி பெருமாளை வெட்டிக் கொன்றதாக வழக்கு. ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருக்கிறான். என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே கொலை வழக்கு. மற்றவை செக் மோசடி, சாலை விபத்து. மனிதன் செய்யும் வேலையில்லை.

அவள் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். குரல் மேலிருந்து வந்தது.

"அய்யா தப்பா நெனச்சுக்கிடாதிய. வக்காலத்த மாத்திக்கிடலாம்னு எங்க அண்ணன் சொல்லுதான். கண்ணு தெரியாதவரு கட்டைப் பாத்து எப்படிக் கேள்வி கேப்பாருங்கான்."

"கட்டைக் காது பார்க்கும். உட்காரு. இப்பவே உன் வீட்டுக்காரன் ஃபைலை எடுத்துக் காட்டுறேன்" என்றேன்.

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கணினியைத் திறந்தேன். "டெஸ்க்டாப்" என்றது. அம்பைத் தட்டினேன். "ரீசைக்கிள் பின்." டேப் தட்டினேன். "ஸ்டார்ட்." மறுபடி டேப். "ஒலி அளவு நூறு." கத்தியது. என்டர் தட்டினேன். மீண்டும் "ரீசைக்கிள் பின்." குப்பைத்தொட்டிக்குள் போய்விட்டிருந்தேன். வெளியே வர ஆல்ட்டைப் பிடித்தேன். விரல் வேறெதையோ தொட்டு, எல்லாம் அடைத்துக்கொண்டு ஊமையாகிவிட்டது. விரல்கள் வேர்த்திருந்தன. விசைகள் வழுக்கின. ஜூன் மாதத்து வெக்கை.

மாரிக்கனியின் வளையல் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தது. பிறகு, "பரவாயில்லய்யா" என்றாள்.

என்னைப் பார்த்து 'பொய் வழக்குப் போடுகிறவன்' என்று சொன்ன இன்ஸ்பெக்டர்கள் உண்டு. 'திமிர் பிடித்தவன்' என்று தீர்ப்பிலேயே எழுதப் பார்த்த நீதிபதி உண்டு. யாரும் என்னிடம் பரவாயில்லை என்று சொன்னதில்லை.

பேச்சியம்மாள் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து போனாள். திரும்பி வந்து, "மொத சாட்சி விசாரணை முடியுற வரைக்கும் மாத்த மாட்டாவ சார்" என்றாள்.

"என்ன சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லல சார்."

எனக்காகப் பரிந்து பேச ஆளை நியமித்ததாக நினைவில்லை.

ஜூலை 1

இசக்கிமுத்துவிடம், தினமும் சாயங்காலம் வரச் சொன்னேன். "ரெண்டு வாரத்துல என்ன சார் திடீர்னு?" என்றான். கொலை வழக்கு என்றேன். "அப்ப சரி. இனிமே உங்களைப் புதுசுன்னு கூப்பிட மாட்டேன். அரைகுறைன்னு கூப்பிடுதேன்" என்று சிரித்தான். பொறுத்துக்கொண்டேன்.

ஜூலை 4

சுடலைமணியின் குற்றப்பத்திரிகை நகல் முழுவதையும் ஸ்கேன் செய்து போடும்படி பேச்சியம்மாளிடம் சொல்லியிருந்தேன். போட்டிருந்தாள். தேடிப்பிடித்துத் திறந்தேன். "காலி" என்றது. அடுத்தது. "காலி." அத்தனையும் காலி.

வெற்றுத்தாளை ஸ்கேன் செய்யத்தான் சட்டம் படித்தாயா என்று கேட்டேன். அவள் திரையில் எழுத்து இருக்கிறது என்று சாதித்தாள். நான் கத்தினேன். இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டோம்.

"அது எழுத்து இல்ல சார், எழுத்தோட போட்டோ. போட்டோவை மெஷின் வாசிக்காது. எழுத்தா மாத்தணும். போலீஸ்காரன் கையெழுத்துன்னா மென்பொருளும் திணறும். யாராவது உக்காந்து அடிக்கணும்."

பேச்சியம்மாள், "நான் அடிச்சிருதேன் சார்" என்றாள். அடிக்கட்டும். அவளுக்கும் எழுத்துப்பிழை குறையும்.

ஜூலை 11

வேகம் வந்துவிட்டது. முதல் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் ஃபைலுக்குத் தாவிவிடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து கண் உள்ளவர்கள் மவுசைப் பிடித்து உரசி உரசித் தேடுவதைக் கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. பேச்சியம்மாள் ஒரு ஃபைலைத் தேடுவதற்குள் நான் இரண்டைத் திறந்து மூடிவிடுகிறேன். குரலின் வேகத்தையும் கூட்டிவிட்டேன். ரோசலின் கேட்டுவிட்டு, "கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு ஒவ்வொரு கடுகும் தெரிகிறது.

எஃப் டூ என்ற விசை பெயர் மாற்றுவதற்கு. நியூ ஃபோல்டர் அனைத்தையும் ஒழித்துக்கட்டினேன். பெயரைப் பார்த்தவுடன், அதாவது கேட்டவுடன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். முதல் சாட்சி கொம்பையா போலீசிடம் இரண்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். சம்பவத்தன்று ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. முதலாவதுக்கு 'கொம்பையா உண்மை' என்றும் இரண்டாவதுக்கு 'கொம்பையா பொய்' என்றும் பெயரிட்டேன். அரசு வக்கீல் ஜாமீன் மனுவுக்குத் தாக்கல் செய்த பதிலுரைக்கு 'அரசு வக்கீல் உளறல்'. இன்ஸ்பெக்டரின் அறிக்கைக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

இனி என் ஃபோல்டர்களை யாரும் தொடக்கூடாது என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 19

சுடலைமணி ஃபோல்டர் இல்லை.

மேலிருந்து கீழ் வரை தட்டினேன். கீழிருந்து மேலே தட்டினேன். குப்பைத்தொட்டியிலும் இல்லை. குற்றப்பத்திரிகை, வாக்குமூலங்கள், வரைபடக் குறிப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பேச்சியம்மாள் இரண்டு வாரமாக அடித்தது எல்லாம் அதற்குள்தான்.

"யார் தொட்டது?" என்றேன்.

"நான் தொடல சார்."

"அப்ப ஆவி வந்து எடுத்துட்டுப் போச்சா? அரசு வக்கீல் ஆபீஸ்ல உனக்கு அண்ணன் முறைக்காரன் ஒருத்தன் இருக்கான்ல?"

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. பிறகு மேசைக் கண்ணாடிமேல் சாவி வைக்கப்படும் சத்தம். பிறகு செருப்பு. பிறகு படிக்கட்டு.

போகட்டும். நாளை நூறு ஜூனியர் கிடைப்பார்கள்.

ஜூலை 20

நூறு பேரில் மூன்று பேருக்குப் போன் போட்டேன். ஒருவன், "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றான். இரண்டு பேர் எடுக்கவில்லை.

சாயங்காலம் இசக்கிமுத்து வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தான். அனுமதி கேட்கவில்லை.

"பேரு மாத்தும்போது கடைசியா எதைத் தட்டுனீங்க?"

"நினைவில்லை."

"கன்ட்ரோல் எக்ஸ்?"

"நினைவில்லை என்றேன்."

அவன் தேடும் கட்டத்தில் பெயரை அடித்தான். மின்சார வாரியம் என்ற ஃபோல்டருக்குள், போன வருடக் கரண்ட் பில்களுக்கு நடுவே, சுடலைமணி படுத்திருந்தான். முழுதாக. ஒரு பக்கமும் குறையாமல்.

வெட்டும் விசையையும் நகலெடுக்கும் விசையையும் ஒட்டி ஒட்டி வைத்த மடையன் யார் என்று தெரியவில்லை. ஒன்று பிழைக்க வைக்கிறது, மற்றது இடத்தை விட்டே தூக்கிவிடுகிறது. இப்படி ஒரு அமைப்பில் எவருடைய விரலும் தவறலாம். எவருடைய விரல் என்பது இப்போது முக்கியமில்லை.

இசக்கிமுத்து போகும்போது, "உங்க ஜூனியர் நல்லா அடிச்சிருக்காங்க சார். புள்ளி, கமா எல்லாம் சரியா இருக்கு. மெஷின் மூச்சு வாங்க இடம் விட்டிருக்காங்க" என்றான்.

ஜூலை 21

பேச்சியம்மாள் போனை எடுக்கவில்லை.

ஜூலை 22

எடுக்கவில்லை. ரோசலின் போனிலிருந்து போட்டேன். "அக்கா" என்று ஆரம்பித்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

ஜூலை 23

ஞாயிறு கோயில் முடிந்ததும் ரோசலின் என்னை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு மகளிர் விடுதிக்குப் போனாள். கொலைக் குற்றவாளிகளைத் தேடி நான் போனதுண்டு. ஜூனியரைத் தேடிப் போனதில்லை. வரவேற்பறையில் இரும்பு நாற்காலி. காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். ரோசலின் வெளியே போய் நின்றுகொண்டாள்.

பேச்சியம்மாள் வந்தாள். உட்காரவில்லை.

"ஃபோல்டர் கிடைச்சிடுச்சு" என்றேன்.

"எங்க இருந்துது சார்?"

"மின்சார வாரியத்துல."

"யாரு கொண்டு போயி வச்சது?"

இதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

அவள் செருப்பு இரண்டடி முன்னால் வந்தது. பிறகு நாற்காலி இழுபட்டது. குரல் என் மட்டத்துக்கு வந்தது.

"அண்ணன் முறைன்னு சொன்னியள்லா. அவன் அங்க பியூனா இருக்கான். என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டிப் போயிருவான். எங்க வீட்டுல நான் படிச்சது அவங்க யாருக்கும் புடிக்காது. அந்த ஆள வச்சு என்னைப் பேசிட்டிய."

அருகே எங்கோ ஒரு பெண் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாரேன் சார். உங்களுக்காக இல்ல. சுடலைமணி உள்ள கெடக்காரு. ஆனா ஒண்ணு. பிரேதப் பரிசோதனை டாக்டரை நான்தான் குறுக்கு விசாரணை செய்வேன். நீங்க பக்கத்துல உக்காந்திருங்க. நடுவுல வாயத் தொறக்கப்படாது."

எட்டு வருடம் ஜூனியராக இருந்தவனுக்கே நான் ஒரு வி.ஏ.ஓ. சாட்சியைக்கூடத் தந்ததில்லை. இவள் டாக்டரைக் கேட்கிறாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு" என்றேன்.

ஜூலை 30

நாளை கொம்பையா. ஃபோல்டர்களை ஒருமுறை நடந்து பார்த்தேன். எந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்று காலுக்குத் தெரிவதுபோல் விரலுக்குத் தெரிகிறது. ரோசலின் கழுத்துப் பட்டையை இரண்டு முறை தேய்த்தாள். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றாள்.

ஜூலை 31

முழுவதையும் எழுதுகிறேன்.

கோர்ட்டில் கூட்டம். குருட்டு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்க, சொந்த வேலையில்லாத வக்கீல்கள் எல்லாம் பின் பெஞ்சில் வந்து அடைந்திருந்தார்கள். தெருக்கூத்துக்கு வருகிறவர்கள்கூட இதைவிட நாகரிகமாக இருமுவார்கள்.

கொம்பையா கூண்டில் ஏறினான். அரசு வக்கீலின் கேள்விக்கு ஒப்புவித்தான். "வாய்க்காக் கரையில நின்னேன். சுடலைமணி அருவாளால வெட்டுனதை எங் கண்ணால பாத்தேன்."

நான் எழுந்தேன். மடிக்கணினி முன்னால். இடது காதில் ஒற்றை இயர்ஃபோன், வலது காது கோர்ட்டுக்கு. பக்கத்தில் பேச்சியம்மாள், சான்றிட்ட நகல்களோடு.

"கொம்பையா, நீங்க போலீஸ்ல எத்தனை தடவை வாக்குமூலம் குடுத்திய?"

"ஒரு தடவதான்."

அம்புக்குறியைத் தட்டினேன். காதுக்குள் பெயர்கள் ஓடின. அப்போது அரசு வக்கீல் எழுந்தார்.

"யுவர் ஆனர், எதிர்த்தரப்பு வக்கீல் காதுல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க. வெளியிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கிறாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

பின் பெஞ்சில் சிரிப்பு. நீதிபதி அம்மாள் கண்டிப்பானவர். "என்ன வேதமாணிக்கம், காதுல என்ன?"

"கம்ப்யூட்டர் வாசிக்குது அம்மா. கண்ணுக்குப் பதிலா."

"அப்படின்னா கோர்ட்டும் கேட்கட்டும்."

இயர்ஃபோன் கம்பியைப் பிடுங்கினேன். இயந்திரம் தன் வேகத்தில் வாய்விட்டுப் பேசியது. கடுகு வெடித்தது. கோர்ட் முழுக்கச் சிரித்தது. அரசு வக்கீல், "இது எந்த நாட்டு பாஷை?" என்றார். என் கை மாரிக்கனி வந்த அன்று போலவே வேர்த்தது. கறுப்புக் கோட்டில் துடைத்துக்கொண்டேன். குரலின் வேகத்தை, விசையைப் பிடித்துத் தட்டித் தட்டி, பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆகும்வரை இறக்கினேன்.

பிறகு கீழ் அம்பு.

"அரசு வக்கீல் உளறல்" என்றது இயந்திரம், தெளிவாக, நிதானமாக, கோர்ட் முழுக்கக் கேட்கும்படி.

அப்படி ஒரு நிசப்தத்தை அந்த அறையில் நான் கேட்டதே இல்லை. பிறகு பின் பெஞ்சு வெடித்தது. இந்த முறை என்னைப் பார்த்து இல்லை. பேச்சியம்மாள் மூக்கால் மூச்சு விட்டாள். நீதிபதி அம்மாள் மேசையைத் தட்டி, "அந்த ஃபைலைத் தாண்டிப் போங்க" என்றார். அவர் குரலும் முழுச் சரியாக இல்லை.

"கொம்பையா உண்மை" என்றது இயந்திரம். என்டர் தட்டினேன். வாசித்தது.

"நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். நான் போனபோது பெருமாள் கீழே கிடந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை."

விசையை அழுத்தி நிறுத்தினேன். பேச்சியம்மாள் நகலை நீதிபதியிடம் நீட்டினாள். தாள் புரளும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து நீதிபதி அம்மாள், "வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கிறது" என்றார்.

"கொம்பையா, இது நீங்க சம்பவத்தன்னைக்குச் சொன்னதா?"

கூண்டின் கட்டையை அவன் நகத்தால் சுரண்டுவது கேட்டது.

"காதால கேட்டது ஒரு வாரத்துல கண்ணால பாத்ததா எப்படி மாறுச்சு? எனக்குச் சொல்லிக் குடுங்க, நானும் பாத்துக்கிடுதேன்."

நீதிபதி கடைசி வாக்கியத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்கட்டும்.

கொம்பையா, "இன்ஸ்பெக்டரு அப்படிச் சொல்லச் சொன்னாரு" என்றான், சின்னப்பையன் குரலில். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வெறுமனே அற்பன். அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரும் அற்பர்கள். ஆனால் அவர்களில் ஒருவன்தான் உள்ளே இருந்தான்.

வெளியே வராந்தாவில் மாரிக்கனி என் எதிரே வந்து நின்றாள். "குடுங்கய்யா" என்று என் கையில் இருந்த மடிக்கணினிப் பையை வாங்கி, கார் வரைக்கும் அவளே சுமந்து வந்தாள்.

ஆகஸ்ட் 18

பேச்சியம்மாள் டாக்டரை விசாரித்தாள். இரண்டு கேள்வி வீண். ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் வேறு மாதிரிக் கேட்டிருப்பேன். ஐந்தாவது கேள்வியில், காயம் அரிவாளால் ஏற்பட்டதாக உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். அதை நான் கேட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்க மாட்டேன்.

வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 29

விடுதலை.

தீர்ப்பு வாசிக்கும்போது சுடலைமணி அழவில்லை. வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். ஜே.சி.பி. ஓட்டுகிறவன் கை, காய்ப்புக் காய்ப்பாக. "அய்யா, உங்களுக்கு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. மாரிக்கனி, "எங்க அண்ணன் இப்ப ஒண்ணும் பேச மாட்டேங்கான்யா" என்று சிரித்தாள். இசக்கிமுத்து போனில், "அரைகுறையை வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றான். வேறு பட்டம் எதுவும் தரவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

காலையில் எனக்கு வழக்கத்துக்கு முன்னால் விழிப்பு வந்தது. ரோசலின் குளிக்கப் போயிருந்தாள். கணினியில் பேப்பரின் இணையப் பக்கத்துக்குப் போனேன். பயிற்சிக்காக. தலைப்புகளைத் தாவித் தாவி, மாவட்டச் செய்திக்குள் நுழைந்து கண்டுபிடித்தேன். நாலு வரிதான். பெருமாள் கொலை வழக்கில் சுடலைமணி விடுதலை. சாட்சிகள் முரண்பட்டதால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் வழக்கறிஞர் பேச்சியம்மாள் ஆஜரானார்.

என் பெயர் இல்லை. இரண்டு முறை கேட்டேன். இல்லை.

கணினியை மூடி வைத்தேன். ரோசலின் காப்பியோடு வந்தாள். கோயிலுக்குப் போக இன்னும் நேரமிருந்தது. பேப்பரை விரித்தாள்.

"நம்ம கேஸு வந்திருக்கு" என்றாள்.

"வாசி."

வாசித்தாள். வழக்கம்போல் ஒரே மூச்சில். விடுதலை, முரண்பாடு, நிரூபிக்கப்படவில்லை. அத்தோடு நிற்கவில்லை. "மூத்த வழக்கறிஞர் வேதமாணிக்கத்தின் கூர்மையான குறுக்கு விசாரணையே இந்த விடுதலைக்குக் காரணம் என்று சக வழக்கறிஞர்கள் பாராட்டினர். நெல்லை நீதிமன்ற வரலாற்றில் இது..." என்று போய்க்கொண்டே இருந்தாள். தடுமாறவில்லை. ஒரு சொல் தேடவில்லை. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இவ்வளவு சரளம் வராது.

காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வருடம் கண் முழுக்கப் போன மாதத்தில், சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி என்னைக் குறிப்பிட்டுப் பேசியதாக வாசித்தாள். பொங்கலுக்கு முன்னால், என் பழைய வழக்கொன்றைச் சட்டக் கல்லூரியில் பாடமாகச் சொல்கிறார்கள் என்று ஒரு செய்தி. அந்த வாரம்தான் நான் படுக்கையிலிருந்து எழுந்து மறுபடி ஆபீஸுக்குப் போனேன்.

"பேச்சியம்மா பேரு போடலையா?" என்று கேட்டேன்.

பேப்பர் ஒருமுறை சரசரத்தது.

"போட்டிருக்கான். கடைசி வரியில."

"அதையும் வாசி."

வாசித்தாள். பேப்பரில் இருந்தது இருந்தபடியே வந்தது.

"நல்லா எழுதியிருக்கான்" என்றேன்.

"ஆமா. புது ரிப்போர்ட்டர் போல."

"அடுத்த செய்தியை வாசி" என்றேன்.